ஊசியக்கா வெட்டிய தலைகீழ்த் தட்டு

என் மனைவி ஊசியால் பிழைக்கிறவள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் உடனே தையல் மிஷினை நினைத்துக்கொள்வார்கள். சிலர் நர்ஸா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. இசைத்தட்டுத் தொழிற்சாலையில் பாட்டை முதன்முதலாகத் தட்டில் வெட்டுகிற ஆள் அவள். அவள் வெட்டிய அந்த ஒரு தட்டிலிருந்து அச்சு எடுத்துத்தான் மற்ற தட்டுகளையெல்லாம் அழுத்தி எடுக்கிறார்கள். அவள் கை ஒரு இடத்தில் பிசகினால் அத்தனை தட்டிலும் அதே இடத்தில் பிசகும். தொழிற்சாலையில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அவள் பேச்சைக் கேட்கிறவன் என்ற முறையில் எனக்கும் அந்தப் பெயரில் ஆட்சேபணை கிடையாது.

நான் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறவன். எங்கள் இருவர் தொழிலும் ஒன்றுதான் என்பது என் கட்சி. கொடுத்த இடத்துக்குள் சாமானை உடையாமல் அடைக்க வேண்டும், அவ்வளவுதானே? இதைச் சொன்னால் அவள், "ஆமா, நீங்க ஏத்துற பீரோ பாடும் பாருங்க" என்பாள்.

அவள் இந்த வேலைக்கென்று படித்துப் போனவள் இல்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் தட்டுகளை உறையில் போடும் பிரிவில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, இவள் வெட்டும் அறைக்குப் போய்விடுவாள். அங்கே வீணாய்ப்போன தட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, கோடு எங்கே பக்கத்துச் சுற்றின் மேல் ஏறியது, ஊசி எங்கே அளவுக்கு மீறி இறங்கியது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே வெட்டிக்கொண்டிருந்தவர் வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துப் போனதும் முதலாளி அந்த அறையைப் பூட்டிவிடலாமா என்று யோசித்தார். இவள் நேரே போய், "பூட்டாதீங்க சார், நான் வெட்டறேன்" என்றாள்.

"உனக்கு என்னம்மா தெரியும்?"

"எப்படியெல்லாம் வெட்டக் கூடாதுன்னு தெரியும் சார்."

அந்தத் திமிருக்கே வேலையைக் கொடுத்துவிட்டார் என்பது என் ஊகம். முதலில் வெட்டிய தட்டுகள் குப்பைக்குப் போயின. பிறகு ஒன்று கடைக்குப் போனது. அன்றைக்குத் தெருவில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பாதிப் பேருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. எனக்கும் அப்போது முழுசாக விளங்கியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது விளங்குகிறது, அதனால் சொல்கிறேன். தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கோடுதான். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடிகிறது. சத்தம் கூடக் கூட அந்தக் கோடு இடமும் வலமுமாக ஆடும். ரொம்ப ஆடினால் பக்கத்துச் சுற்றில் போய் இடித்துவிடும். ஆகவே சத்தமான இடத்தில் சுற்றுகளைத் தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும். மெதுவான இடத்தில் நெருக்கிக்கொள்ளலாம். அதற்கு மிஷினில் ஒரு திருகு இருக்கிறது. புது மிஷின்களில் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். இவளுடைய மிஷினில் இவள் கைதான் கம்ப்யூட்டர். அதிலும் சத்தம் வந்த பிறகு திருப்பினால் காரியம் கெட்டது. வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே திருப்ப வேண்டும். பாட்டு முழுக்க மனப்பாடம் ஆகாமல் அவள் ஊசியை இறக்கவே மாட்டாள். என் குறட்டையைக்கூட அவளுக்கு மனப்பாடம். "உங்க குறட்டைய வெட்டினா ஊசி எகிறிப் போய்ச் சுவத்துல குத்தும்" என்று சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மகளுக்கு அம்மாவின் காது அப்படியே வந்திருக்கிறது. முகம் மட்டும் என்னுடையது, பாவம். அவள் ஒரு ராக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். சாதாரண ராக் இல்லை, புரோக்ரசிவ் ராக். மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டை முடிப்பது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஒரே பாட்டுக்குள் நாலைந்து பாட்டு இருக்கும். தாளம் மாறும், வேகம் மாறும். போன பகுதியில் புல்லாங்குழல் வாசித்தவன் இந்தப் பகுதியில் கிட்டாரோடு நிற்பான். டிரம்ஸ்காரன் தனியாக அடிக்க ஆரம்பித்தால் நான் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அடித்துக்கொண்டிருப்பான். ஆனால் எல்லாம் சேர்ந்து ஓரிடத்தில் போய்ச் சேரும்போது எனக்கே மயிர் கூச்செறிந்துவிடும். அப்படி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு செய்திருந்தார்கள். மெல்லிய புல்லாங்குழலில் தொடங்கி ஏறி ஏறிக் கடைசியில் எல்லா வாத்தியமும் ஒன்றாகப் பொங்கும். அந்தக் கடைசிப் பகுதியை எழுதியது என் மகள். மற்றதெல்லாம் நாலு பேர் கூடிச் செய்தது. அது மட்டும் அவள் தனியாக எழுதியது.

"ஒரு பக்கத்துல அடக்க எங்கம்மா இருக்காங்க" என்று குழுவினரிடம் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதை நம்பித்தான் அவர்கள் பாட்டை அவ்வளவு நீளமாகப் பதிவு செய்தார்கள். பதிவு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பேசியது நெட்டை. கிட்டார் வாசிக்கிறவன், எங்கள் வாசற்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் இதுவரை உள்ளே வந்ததில்லை.

"ஒரே பக்கத்துல வரணும் ஆன்ட்டி. நடுவுல உடைச்சு மறுபக்கம் போட்டா உயிரே போயிடும்."

"இருபது நிமிஷம்னா ராஜா மாதிரி வெட்டித் தரேன். அதுக்கு மேல போனா மொத்தச் சத்தத்தையும் இறக்கணும். அதைக்கூடச் சமாளிச்சுடலாம். கடைசிதான் அடி வாங்கும்" என்றாள் என் மனைவி.

"ஏன்?"

அவள் மேஜை மேலிருந்த தாம்பாளத்தை எடுத்து விரலால் காட்டினாள். "ஓரத்துல ஒரு சுத்து எவ்வளவு பெருசு பாரு. நடுவுல எவ்வளவு சின்னது. ரெண்டையும் ஊசி ஒரே அளவு நேரத்துல சுத்தி முடிக்குது. அப்ப நடுவுல அதே பாட்டுக்கு இடம் கம்மிதானே? நீங்க பெரிய சத்தத்தையெல்லாம் கடைசியில வெச்சிருக்கீங்க. அது போய் அந்த இடுக்குல மாட்டும். கிழிஞ்ச துணி மாதிரி கேக்கும்."

நெட்டை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "அப்ப கடைசிப் பகுதிய எடுத்துடலாமா ஆன்ட்டி? அதுக்கு முன்னாடியே பாட்டு ஒரு நல்ல இடத்துல நிக்குது. இருபது நிமிஷம்தான் வரும்."

என் மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தட்டுக்கு அதுதான் சரி. எடுத்துட்டா சுத்தமா வரும்."

மகள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திய சத்தத்தை எந்தத் தட்டிலும் வெட்ட முடியாது.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் தபால்காரர் உத்தியோகம். "அப்பா, சாவி மேஜை மேல இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்பாள் மகள். அம்மா பக்கத்திலேயே நிற்பாள். "சாவி எங்கன்னு எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்பாள் இவள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மனைவியைப் பிடித்துக் கத்திவிட்டேன். பெற்ற பெண்ணுக்காக நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்துப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"தட்டு வாங்குறவன் காதுல போய் என்னன்னு சொல்றது? வாசிச்சது எங்க பொண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னா?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை.

அடுத்த நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் நின்றபடி அந்தப் பாட்டைக் கேட்டாள். முடிந்ததும் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பக் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்து நான் ஓடிப் போனேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"நல்லா இருக்குங்க. நம்ம பொண்ணு எழுதினதுனால சொல்லலை. நெஜமாவே நல்லா இருக்கு. இதை எடுத்துட்டா மிச்சப் பாட்டு எதுக்கு?"

"அப்ப என்னதான் பண்றது?"

"முடிவ நடுவுல கொண்டுபோய் ஏன் திணிக்கணும்? ஓரத்துக்குக் கொண்டுபோறேன். நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிய வெட்டறேன். ஒத்தப் புல்லாங்குழலுக்கு அந்த இடுக்கு போதும். சத்தம் ஏற ஏற சுத்து பெருசாகிட்டே போகும்."

வேறெங்கோ சிலர் அப்படி வெட்டியிருப்பதாக அவள் கேள்விப்பட்டதுண்டாம். அவளுடைய மிஷினில் யாரும் வெட்டியதில்லை. லாரியிலும் பெரிய பீரோவைக் கதவுப் பக்கம் வைப்பதுண்டு என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

தொழிற்சாலை மெக்கானிக் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். "ஊசியக்கா, முன்னாடி ஓடறதுக்கே அந்த மிஷின் மூச்சு வாங்குது, பின்னாடி வேற ஓட்டணுமா?" என்றார். ஆனாலும் பல்சக்கரங்களைக் கழற்றி மாட்டி ஓட வைத்துவிட்டார். இன்னொரு தலைவலியும் இருந்தது. வெட்டும்போது தட்டிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு சுருள் வந்துகொண்டே இருக்கும். அதை உறிஞ்சி எடுக்கிற குழாய், வழக்கமான பக்கத்தில் இருந்தது. எதிர்த் திசையில் வெட்டினால் சுருள் ஊசியில் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஒரு கையில் திருகு, மறு கையில் பிரஷ் என்று இருபத்தைந்து நிமிடமும் இவள் நிற்க வேண்டும். திருகைப் பார்க்கவே நேரம் இருக்காது, கை தானாகத் திரும்ப வேண்டும்.

அதனால் வீட்டில் பயிற்சி ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டைப் போட்டுவிட்டு மூடியைத் திருகுவாள். இடது கை பல் துலக்கும் பிரஷை வைத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லியிருப்பார்கள். தன் பாட்டு கேட்டு மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். கதவருகே நின்று பார்த்தாள். என்னிடம் ஜாடையாக என்ன இது என்று கேட்டாள். நான் தபால்காரர் வேலையை அன்றோடு ராஜினாமா செய்துவிட்டவன், அம்மாவைக் கை காட்டினேன்.

டிரம்ஸ் நுழைகிற இடத்தில் மூடி கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

"அம்மா, அங்க ஏழு ஏழா எண்ணணும். நீ எட்டு எண்ணுற" என்றாள் மகள்.

"அப்படியா? எண்ணு பாப்போம்" என்றாள் இவள், கண்ணைத் திறக்காமலே.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து மேஜையில் தட்டி எண்ண ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு இருவரும் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்றைக்கு வெளியிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தவன் நான்தான்.

வெட்டும் அறைக்குள் ஊசி ஓடும்போது அவள் யாரையும் விடுவதில்லை. நடந்தால் தரை அதிரும் என்பாள். அன்றைக்கு மகளை மட்டும் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே நிறுத்திக்கொண்டாள். நான் அங்கே இல்லை. மகள் வந்து சொன்னது: அம்மா ஒரு தடவைகூட மூச்சைச் சத்தமாக விடவில்லையாம், கடைசிப் பகுதி வந்ததும் அவள் கை திருகைத் திறந்துவிட்ட விதத்தைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்துவிட்டதாம். ஓரத்துக்கு வந்ததும், தட்டைப் போட்டுக் கேட்கும்போது முள் வெளியே நழுவாமலிருக்கக் கடைசிச் சுற்றை ஒரு மூடிய வளையமாக வெட்டினாள். கேட்கிறவர் முள்ளை எடுக்கும்வரை கடைசி ஸ்வரம் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் அழுத்தி எடுத்த சோதனைத் தட்டை நெட்டை வந்து போட்டுக் கேட்டான். எழுந்து ஊசியக்காவின் காலைத் தொடப் போய் மேஜை விளக்கில் தலையை இடித்துக்கொண்டான்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக நானும் மகளும் லாரியோடு தொழிற்சாலைக்குப் போன நாளில்தான் வினை வந்தது. பெட்டிகளைக் காணோம். பின்கட்டில் கறகறவென்று ஒரு சத்தம். தேறாத தட்டுகளைத் தூளாக்கும் அரவை மிஷின். எங்கள் தட்டுகள் கட்டுக் கட்டாக அதற்குள் போய்க்கொண்டிருந்தன.

தட்டுப் பரிசோதகர் விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை எடுத்து, வழக்கம்போல ஓரத்தில் முள்ளை வைத்திருக்கிறார். முள் போய் அந்த மூடிய வளையத்தில் விழுந்து ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறது. அடுத்த கட்டு, அதே கதை. கோட்டில் முள் மாட்டிக்கொள்கிற தட்டு என்று மொத்தத்தையும் அரவைக்கு அனுப்பிவிட்டார். உள்ளேயிருந்து தொடங்கவும் என்று லேபிளில் அச்சிட்டுத்தான் இருந்தது. லேபிளை வரைந்தவன் டிரம்ஸ்காரன். கலை நயத்தோடு எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருந்தான்.

முதலாளி வந்தார், அரைபட்ட கறுப்புத் தூளைப் பார்த்தார். கடைகளுக்குச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

"நம்ம ஆளுக்கே இது புரியலைன்னா வாங்குறவனுக்கு எப்படிம்மா புரியும்? இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். நீயே சொன்னியாமே, கடைசிய எடுத்துட்டா சரியா வரும்னு. எடுத்துட்டு நேரா வெட்டிக் குடுத்துடு."

என் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் அம்மா ஒரு வேலையில் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"சொன்னேன் சார். நேரா வெட்டினா அது சரி. நான் இப்ப நேரா வெட்டலையே. கடைசிய எடுத்த தட்டுதான் வேணும்னா வேற ஆளை வெச்சு வெட்டிக்கோங்க. இந்தக் கை வெட்டாது."

அரவை மிஷினை யாரோ நிறுத்தினார்கள். அவள் பரிசோதகரைப் பார்த்து, "அண்ணே, உங்க மேல தப்பில்லை. உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. ஒரு தடவை முழுசா உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு இது தேறாதுன்னு நீங்க சொன்னா நான் பேசலை" என்றாள். மிஞ்சியிருந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, முள்ளை நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

அந்த மனிதர் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு, எங்கே நேரம்? முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். புல்லாங்குழல் முடிந்து டிரம்ஸ் நுழைந்தபோது கடிகாரத்தை மறந்தார். முள் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. அழுத்துமிடத்திலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கடைசிப் பகுதி ஓரத்தில் விரிந்தது. ஒரு பிசிறு இல்லை, ஒரு கிழிசல் இல்லை. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக வந்து நின்றது. என் மனைவி வெட்டியது, என் மகள் எழுதியது என்று அங்கிருந்த ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர்களுக்குத்தான் தெரியுமே என்று அடக்கிக்கொண்டேன். கடைசி ஸ்வரம் வளையத்தில் சுற்ற ஆரம்பித்தது. பரிசோதகர் கையை நீட்டினார், எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எடுங்கண்ணே, முள் தேஞ்சுடும்" என்றாள் ஊசியக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். பரிசோதகர் முள்ளை எடுத்துவிட்டு முதலாளியைப் பார்த்து, "தேறிடுச்சு சார்" என்றார். முதலாளி அழுத்துமிடத்துக்காரர்களிடம், "என்ன வேடிக்கை, போய் மறுபடி ஓட்டுங்க" என்றார். அச்சு பத்திரமாக இருந்ததால் தட்டுகள் மறுபடி வந்தன. ஒவ்வொரு உறையிலும் கட்டை விரல் அளவு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டினோம். டிரம்ஸ்காரனை எழுத விடவில்லை.

அன்று லாரியில் மூவரும் முன்னிருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு வீடு திரும்பினோம். மகள் நடுவில். பாதி வழியில் அவள் சொன்னாள்:

"அன்னைக்கு நீ நெட்டை பக்கம் பேசினது சரிதாம்மா. நான்தான் கோவப்பட்டேன்."

"சரிதான். சரின்னு தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள் அவள் அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொல்லிட்டு அடுப்படிக்குப் போனா நிக்க முடியலை. நீ உள்ள அழுதுட்டு இருந்த. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் காதுல இருக்கு."

மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.